முத்திரைப் புத்தகங்களிற் காணும் துளைப் பிழைகள்

முத்திரை சேர்ப்போருட் பெரும்பாலார் முத்திரையின் முகத்தையே நோக்குவர். மன்னர் உருவமா, மலையா, மரமா, நிறம் யாது, விலை யாது என்பனவே அவர் மனத்தில் முதற்கண் எழும் வினாக்கள். விளிம்பை நோக்குவார் சிலரே. ஆயினும், முகத்தால் வேறுபாடு காணமுடியாத இரு முத்திரைகளுள் ஒன்று சில சதத்துக்கும் மற்றது ஒரு மாதச் சம்பளத்துக்கும் விலைபோவதற்கு விளிம்பே பல வேளைகளிற் காரணமாகின்றது. இதனை அறிய நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. ஆறாம் ஜோர்ஜ் மன்னர் காலத்தில், 1938ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையில் வெளிவந்த வரிசையில், இறப்பர் மரத்திற் பால் எடுக்குங் காட்சியைக் கொண்ட 2 சத முத்திரை ஒன்றுக்கு மேற்பட்ட துளையளவுகளில் உள்ளது. படம் ஒன்றே, பற்கள் வேறு. துளையை அளக்க அறியாதவன் இவற்றையெல்லாம் ஒரே முத்திரையென எண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றைப் பிறர்க்குக் கொடுத்துவிடுவான்.

தனி முத்திரையிலேயே இத்துணைக் கவனம் வேண்டுமாயின், முத்திரைப் புத்தகங்களில் அது இன்னும் மிகுதியாக வேண்டும். ஏனெனில், தாள் முத்திரையிற் பிழையாகக் கருதப்படுவது புத்தக முத்திரையில் இயல்பாக இருக்கலாம். இயல்பெனத் தோன்றுவது பிழையாக இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியாமையே பலர் பொருளிழப்பதற்கும், சிலர் பொய்யாகப் பொருளீட்டுவதற்கும் இடமாகின்றது.

துளையிடும் வழக்கம் எவ்வாறு தோன்றியது என்பதை முதலில் நோக்குவது பயனுடைத்து. 1840ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் இங்கிலாந்திற் பயன்பாட்டுக்கு வந்த ‘கறுப்புப் பென்னி’ முத்திரைக்குத் துளை இல்லை. ஒரு தாளில் 240 முத்திரைகள். வரிசைக்குப் பன்னிரண்டாக இருபது வரிசைகள். வரிசை ஒன்று ஒரு சிலிங். முழுத்தாள் ஒரு பவுண். கணக்கு எளிதாயிற்று, ஆனால் வெட்டுவது எளிதாகவில்லை. தபாற் கந்தோர் எழுதுவினைஞரும் வணிகரும் கத்தரிக்கோலும் கையுமாக இருந்தனர். அவசரத்தில் வெட்டப்பட்ட முத்திரைகளின் ஓரம் படத்துக்குள் நுழைந்திருப்பதை இன்றும் காணலாம். நான்கு பக்கமும் வெண்மை விளிம்புடன் தப்பியவற்றுக்கு இன்றுள்ள மதிப்பு அந்த அவசரத்தின் விளைவேயாம்.

இவ்விடரைத் தீர்க்க முன்வந்தவர் அயர்லாந்தினரான ஹென்றி ஆச்சர் என்பவர். வேல்ஸ் நாட்டின் பெஸ்தினியோக் புகையிரதப் பாதை முயற்சியில் முன்னின்றவரும் இவரே. 1847இல் இவர் தமது திட்டத்தைத் தபால் மாஅதிபருக்குச் சமர்ப்பித்தார். முதலில் அமைத்த இயந்திரங்கள் சிறு கத்திமுனைகளாற் கீறுவன, அவை பயன்படவில்லை. பின்னர் ஊசிகளாற் காகிதத்தைக் குத்தி, வட்டத் துண்டுகளை வெளியேற்றும் இயந்திரத்தை அமைத்தார். நாடாளுமன்றக் குழுவொன்று 1852இல் இவ்விடயத்தை விசாரித்தது. அடுத்த ஆண்டில் 4000 பவுண் கொடுத்து அரசாங்கம் உரிமையைப் பெற்றுக்கொண்டது. 1854இல் துளையிட்ட முத்திரைகள் முறையாக விற்பனைக்கு வந்தன. முதலில் இட்ட துளைகள் மிக நெருங்கியிருந்தன. அதனால் தாள்கள் கையாளும்போதே கிழிந்து சிதறின. ஆகவே 1855இல் துளையளவு 16இலிருந்து 14ஆகக் குறைக்கப்பட்டது.

இங்கு 16 என்றும் 14 என்றும் கூறுவது முத்திரையின் ஒரு பக்கத்திலுள்ள துளைகளின் எண்ணிக்கையன்று. இரண்டு சென்ரிமீற்றர் நீளத்தில் எத்தனை துளைகள் அமைகின்றன என்பதே அவ்வெண். பாரிஸ் நகரத்து மருத்துவர் லெகிரான் என்பார் 1866இல் வகுத்த இவ்வளவையை உலகெங்குமுள்ள தொகுப்பாளர் ஏற்றுக்கொண்டனர். மேல், கீழ் விளிம்புகளின் அளவு ஒன்றாகவும் பக்க விளிம்புகளின் அளவு வேறாகவும் இருக்குமாயின் மேல் விளிம்பின் எண்ணை முதலிற் கூறுவது மரபு. ‘15க்கு 14’ எனின் மேலும் கீழும் 15, இருமருங்கும் 14 என்பது பொருள். ஏழாம் எட்வேட் மன்னரின் முத்திரைகளை 1911இல் ஹரிசன் கம்பனியார் அச்சிட்டபோது முதலில் 14 அளவிலும், அவ்வாண்டின் பிற்பகுதியில் 15க்கு 14 என்ற அளவிலும் துளையிட்டனர். இரண்டாம் அளவு பின்னர்ப் பல்லாண்டுகள் பிரித்தானிய முத்திரைகளுக்கு நிலையான அளவாயிற்று.

முத்திரையைப் புத்தகமாகக் கட்டி விற்கும் வழக்கம் 1895இல் இலக்சம்பேர்க்கிலே தொடங்கியது. அமெரிக்கா 1900இலும் பிரித்தானியா 1904 மார்ச்சிலும் அதனைப் பின்பற்றின. பிரித்தானியாவின் முதற் புத்தகத்தில் இரண்டு சிலிங் பெறுமதியுள்ள 24 ஒரு பென்னி முத்திரைகள் இருந்தன. விலையோ இரண்டு சிலிங்கும் அரைப் பென்னியும். அட்டைக்கும் கட்டுதற்கும் ஆகும் செலவே அந்த அரைப் பென்னி. முத்திரைக்கு அதன் முகவிலைக்கு மேலே கொடுப்பதைப் பொதுமக்கள் விரும்பார் என்பதை உணர்ந்தாற்போல, 1906இற் கணக்கு மாற்றப்பட்டது. விலை சரியாக இரண்டு சிலிங். உள்ளே பன்னிரண்டு ஒரு பென்னி முத்திரைகளும் இருபத்துமூன்று அரைப் பென்னி முத்திரைகளும். குறைந்த ஓர் அரைப் பென்னியின் இடத்தில், ஒரு முத்திரையளவான கட்டத்திற் பெருக்கற் குறி போன்ற சிலுவை அச்சிடப்பட்டது. அரசாங்கம் செலவைக் கைவிடவில்லை. கேட்கும் முறையை மாற்றிக்கொண்டது. அக்கட்டத்தைக் கொண்ட ஏடுகள் இன்று தொகுப்பாளரால் விரும்பித் தேடப்படுகின்றன.

இனிப் புத்தகம் ஆக்கப்படும் முறையை நோக்குவோம். பிழைகளின் வரலாறெல்லாம் இதனுள் அடங்கிக் கிடக்கின்றது. பெரிய தாளொன்றிற் பல ஏடுகளுக்கு வேண்டிய முத்திரைகள், ஏடுகளிடையே வெற்றிடம் விட்டு அச்சிடப்படும். பின் தாள் துளையிடப்படும். துளையிட்ட தாள்களை அடுக்கி, ஏடுகளாக வெட்டி, வெற்றிடத்தைப் பற்றுவிளிம்பாகக் கொண்டு, அட்டையுடன் கம்பியாலோ நூலாலோ கட்டுவர். இறுதியில் வெட்டுப்பொறியில் இட்டு ஓரங்களைச் சமப்படுத்துவர். ஆகவே ஏட்டின் வெளி ஓரம், துளையிடும் இயந்திரத்தின் ஊசியை மட்டுமன்றி வெட்டுப்பொறியின் கத்தியையும் சந்திக்கின்றது. ஊசி செய்த பிழை வேறு. கத்தி செய்த பிழை வேறு. இவ்விரண்டையும் மயங்கக் கொள்ளுதலே புதியவர் செய்யும் முதற் றவறு.

பிரித்தானியாவின் பழைய புத்தகங்களில் வெட்டுப்பொறியின் கத்தி துளைவரிசையின்மேலே சென்று பற்களை அரைகுறையாகச் சீவிவிடுவது மிகச் சாதாரணம். சீவப்படாத முழுப்பற்களோடு கிடைக்கும் ஏடே அங்கு அரியது. அதற்கே கூடுதல் விலை. அமெரிக்காவிலோ நிலைமை வேறு. அங்கு ஆறு முத்திரைகள் கொண்ட ஏட்டின் இரு பக்கங்களிலும் அடியிலும் துளையே இடப்படுவதில்லை. கத்தியே அவ்விளிம்புகளை ஆக்குகின்றது. ஆதலின் அமெரிக்கப் புத்தக முத்திரை ஒன்றின் ஒரு பக்கமோ அடுத்தடுத்த இரு பக்கங்களோ நேர்விளிம்பாக இருப்பது இயல்பு. ‘ஒருபுறம் துளையில்லாப் பிழை முத்திரை’ எனக் கூறி மாணவரிடம் விற்கப்படுவன பல இத்தகையனவே. பிரித்தானியாவும் 1980களின் பிற்பகுதியில் வெளியிட்ட புத்தகங்களிற் சில விளிம்புகளைத் துளையின்றி விட்டது. இதனோடு ஒப்ப நினைக்கத்தக்கது நீர்க்குறியின் நிலை. பிரித்தானியப் புத்தகத் தாள்களில் ஏடுகளின் ஒரு பாதி தலைகீழாக அச்சிடப்பட்டமையால், ஏறக்குறைய ஒவ்வொரு பாதி ஏட்டிலும் நீர்க்குறி தலைகீழாகவே இருக்கும். தாள் முத்திரையில் வியப்பாகும் ஒன்று புத்தகத்தில் வியப்பன்று.

உண்மையான துளைப் பிழைகளுள் கண்ணுக்கு முதலிற் புலப்படுவது இடப்பெயர்ச்சி. தாள் சற்று விலகி இயந்திரத்தினுட் சென்றால், துளைவரிசை முத்திரைகளின் இடைவெளியில் விழாது படத்தின் நடுவே விழும். அரசியின் முகம் பாதியாகப் பிளவுபட்டிருக்கும். இங்கே ஊசியின் பிழையா கத்தியின் பிழையா என்று அறிய வழி எளிது. கத்தி விலகினால், முத்திரைகளிடையேயுள்ள துளைகள் தத்தம் இடத்திலேயே இருக்கும். வெளி ஓரம் மட்டும் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும், சில வேளை அடுத்த ஏட்டின் ஒரு கீற்றுடனும் காணப்படும். ஊசி விலகினால், துளைகள் படத்தை வெட்டும். வெளி ஓரம் ஒழுங்காக இருக்கலாம். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. சீப்புப்போன்ற ஊசிவரிசை ஒரே அடியில் ஒரு வரிசையின் மூன்று பக்கங்களையும் குத்துவதால், விலகல் அவ்வரிசை முழுவதிலும் ஒரே அளவினதாக இருக்கவேண்டும். ஓரேட்டின் ஒரு முத்திரையில் மட்டும் இரண்டு மில்லிமீற்றர் விலகலும் அதன் அயல் முத்திரையில் விலகலின்மையும் காணப்படின், அங்கே இயந்திரத்தைவிட மனிதக்கையை ஐயுறுவதே தகும்.

அடுத்தது துளையின்மை. இதுவே அதிக விலைபெறுவது. ஆகவே அதிக வஞ்சனைக்கு இடமாவதும் இதுவே. இரு முத்திரைகளின் இடையே ஒரு துளைவரிசை முற்றிலும் இல்லாதிருப்பின் அதனைத் தொகுப்பாளர் பிழை என ஏற்பர். ‘முற்றிலும்’ என்ற சொல் முக்கியமானது. ஊசி மழுங்கியோ முறிந்தோ போகுமிடத்துக் காகிதம் துளைபடாது, வட்டத் தழும்பு மட்டும் பதியும். இதனைக் குருட்டுத் துளை என்பர். முன்புறத்திலே தெரியாத இத்தழும்பு, ஏட்டைத் திருப்பிப் பசைப்புறத்தைச் சாய்ந்த ஒளியிற் பிடித்து உருப்பெருக்குக் கண்ணாடியாற் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத் தெரியும். பன்னிரண்டு துளை இருக்கவேண்டிய இடத்தில் ஒரேயொரு குருட்டுத் துளை தெரிந்தாலும் அதனைத் துளையில்லாப் பிழை என்று தேர்ந்த தொகுப்பாளர் கொள்ளார்; வேடிக்கைப் பொருள் என்ற வகையில் ஒதுக்குவர். பிழைக்கும் வேடிக்கைக்கும் விலையில் மடுவுக்கும் மலைக்குமுள்ள வேறுபாடு. இவ்விதி சற்றுக் கடியதே. ஒரு தழும்புக்காக இத்துணைத் தொகை குறைவது முறையோ எனக் கேட்பாரும் உளர். ஆயினும் எல்லை ஒன்று வகுக்காவிடின், பாதி துளை உள்ளதும் கால் துளை உள்ளதும் பிழை என விற்கப்படும். ஆகவே விதி கடிதாய் இருத்தலே நன்று.

துளையின்மையைத் தனி முத்திரையில் ஒருபோதும் நம்புதல் கூடாது. பற்களுள்ள முத்திரையைச் சுற்றிவரச் சீவிவிட்டால் துளையில்லா முத்திரை ‘உண்டாகி’விடும். அகன்ற விளிம்புடைய முத்திரையில் இச்சூழ்ச்சி எளிதாக நிறைவேறும். இரண்டு முத்திரைகள் ஒட்டியபடி, இடையே துளையின்றிக் கிடைப்பதே சான்றாகும். முழு ஏடாக, அதுவும் தன் புத்தகத்தினுள்ளேயே கட்டுண்டபடி கிடைப்பின் அதனினுஞ் சிறந்த சான்று இல்லை.

மிகச் சுவையான பிழை மடிப்பினால் உண்டாவது. துளையிடுமுன் தாளின் மூலையொன்று மடிந்துவிட்டதெனக் கொள்வோம். மடிந்த பகுதியும் அதன்கீழுள்ள பகுதியும் ஒரே அடியிற் குத்தப்படும். பின்னர் வெட்டுங்காலத்து மடிந்த மூலை கத்திக்குத் தப்பிவிடும். புத்தகத்தைத் திறப்பவன் மடிப்பை விரித்தால், ஏட்டின் ஓரத்துக்கு வெளியே காதுபோல ஒரு துண்டு நீண்டிருக்கும்; அதிலே துளைகள் கோணலாக ஓடும்; முத்திரையின் மூலையொன்று துளையின்றி இருக்கும். இப்பிழையைச் சோதித்தல் மிக எளிது. பொய்யாகச் செய்தலோ மிக அரிது. மடிப்புத் தழும்பின் வழியே மெதுவாக மீண்டும் மடித்தால், கோணலான துளைகள் யாவும் ஒழுங்கான வரிசையில் வந்து பொருந்தவேண்டும். வெளி ஓரமும் நேராகவேண்டும். பொருந்தாவிடின் அது இயந்திரத்தின் செயலன்று. அச்சு முழுமையாக உள்ளதா என்பதையும் காணல் வேண்டும். அச்சு முழுமையாயின், அச்சிட்டபின் துளையிடுமுன் மடிந்தது. அச்சின் ஒரு பகுதி பசைப்புறத்தில் விழுந்திருப்பின், அச்சிடுமுன்னரே மடிந்தது. காகிதம் தன் பயண வரலாற்றைத் தானே எழுதி வைத்திருத்தல் வியப்புக்குரியது.

இரட்டைத் துளை என்பது ஊசிவரிசை ஒருமுறைக்கு இருமுறை விழுவதால் உண்டாவது. இரண்டாம் வரிசையின் துளைகள் முதல் வரிசையின் துளைகளோடு இடைவெளியிலும் விட்டத்திலும் முற்றும் ஒத்திருக்கவேண்டும். தையலூசியாற் குத்திய துளை காகிதத்தைத் தள்ளுமேயன்றி நீக்காது. துளையின் பின்புறத்தில் நார்கள் சுற்றிவர எழுந்து நிற்கும். இயந்திரத்தின் துளையிலோ வட்டத்துண்டு வெளியேறிவிடுவதால் அத்தகைய எழுச்சி இராது. இவ்வளவு அறிந்தாலே பெரும்பாலான கைவேலைகளை இனங்காணலாம்.

துளையளவே மாறிப்போவதும் உண்டு. ஆனால் அதனைப் பிழை என்பதினும் வேற்றுமை என்பதே பொருந்தும். அமெரிக்கா 1977இல் ஒரு டொலர் விலையுள்ள சிறு புத்தகமொன்றை வெளியிட்டது. ஏழு 13 சத முத்திரைகளும் ஒரு 9 சத முத்திரையும் சேர்ந்து சரியாக நூறு சதம். இப்புத்தகம் 11க்கு 10½ என்ற அளவிலும், 10 என்ற அளவிலும் வெளிவந்தது. பின்னது அரிது. அட்டையைப் பார்த்து இதனை அறிதல் இயலாது. துளைமானியை வைத்து அளந்தே அறியவேண்டும். துளைமானியின் பயனும் அதனைப் பயன்படுத்தும் பொறுமையும் இத்தகைய இடத்தில் வெளிப்படும். அளக்கும்போது ஒரு முனையிலுள்ள ஓரிரு பற்கள் பொருந்துவதைக் கண்டு மகிழ்ந்துவிடலாகாது; விளிம்பின் முழு நீளத்திலும் ஒவ்வொரு துளையும் மானியின் புள்ளியோடு பொருந்துகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். தொடக்கத்திற் பொருந்தி இறுதியில் விலகுமாயின் அளவு அதுவன்று. புத்தக ஏட்டில் வெளி ஓரம் சீவப்பட்டிருக்கலாமாதலின், முத்திரைகளிடையேயுள்ள உள்வரிசையை அளப்பதே நம்பத்தக்கது.

போலிகளைப் பற்றி ஒருவகையைத் தனியே கூறவேண்டும். துளையை நீக்குவது ஒரு வஞ்சனையாயின், துளையைச் சேர்ப்பது மற்றொரு வஞ்சனை. நேர்விளிம்புள்ள முத்திரையை விரும்பாதவர் பலர். ஆதலின் நேர்விளிம்பிற் புதிதாகத் துளையிட்டு நான்கு பக்கமும் பல்லுள்ளதாக்கி விற்பர். அமெரிக்காவின் பழைய முத்திரைகளில் இது பெருவழக்கு. இயல்பான பல்லின் நுனி, முத்திரையைப் பிரிக்குங்கால் கிழிந்த நார்களோடு மெத்தென்றிருக்கும்; போலிப் பல்லின் நுனியோ கத்தியால் வெட்டியதுபோலத் தட்டையாயிருக்கும், ஏனெனில் அது உண்மையிற் கத்தியால் வெட்டியதே. எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிட்டால் துளைகளின் அளவும் நேர்மையும் ஒவ்வா. புதிதாகத் துளையிட்ட பக்கம் உள்ளே குறுகிவிடுவதால் முத்திரையின் அகலமும் அயலானதைவிடக் குறையும். விலை மிகுந்த பொருளாயின் இவற்றையெல்லாம் பார்த்தபின்னரும் தன் கண்ணை மட்டும் நம்பாது, இலண்டன் அரச முத்திரையியற் சங்கத்தின் வல்லுநர் குழு போன்றவற்றின் சான்றிதழைக் கேட்பது வழக்கம். சான்றிதழ் கேட்டவுடன் விற்பவர் சினங்கொள்வாராயின் அச்சினமே ஒருவகைச் சான்றிதழ்.

கிடைத்த பிழையைக் காப்பதிலும் கவனம் வேண்டும். ஏட்டைத் தனியே அல்பத்தில் ஒட்டும் ஆசையாற் கட்டுக்கம்பியை இழுத்துப் பிரிப்போர், அது எந்தப் புத்தகத்தில் எந்த இடத்தில் இருந்தது என்னும் சான்றைத் தம் கையாலேயே அழிக்கின்றனர். இலங்கையின் வெப்பத்திலும் ஈரத்திலும் கம்பி துருப்பிடித்து ஏட்டைக் கறைப்படுத்துவது உண்மை. அவ்வாறு பிரித்தேயாகவேண்டின், பிரிக்குமுன் புத்தகத்தைப் படம்பிடித்து, அட்டையையும் ஏனைய ஏடுகளையும் பிழையுள்ள ஏட்டுடன் ஒருங்கே வைத்தல் வேண்டும். குருட்டுத் துளையிருக்குமிடத்தை நகத்தாற் றடவிப் பார்ப்பதும், துளையினுள் தங்கிய வட்டத்துண்டை ஊசியால் தள்ளுவதும் கூடா. தங்கிய துண்டும் சான்றின் ஒரு பகுதியே.

அண்மைக் காலத்தில் இக்கலை புதிய துறையொன்றுக்குட் புகுந்துள்ளது. தாமே ஒட்டும் முத்திரைகளைக் கொண்ட புத்தகத்தைப் பிரித்தானியா 1993இல் வெளியிட்டது. பிற நாடுகள் பலவும் இவ்வகையையே மிகுதியாக வெளியிடுகின்றன. இவற்றில் ஊசி இல்லை. அலைபோன்ற விளிம்புள்ள வெட்டச்சொன்று மேற்காகிதத்தை மட்டும் வெட்டி, அடித்தாளை வெட்டாது விடுகின்றது. பற்கள் தோற்றத்துக்காக அமைந்தவை. கிழிப்பதற்கு அவை வேண்டியதில்லை. வெட்டச்சு விழாது போனால் முத்திரைகள் ஒன்றோடொன்று இணைந்தபடி அடித்தாளின்மேல் இருக்கும். அதுவே இங்கு துளையின்மைப் பிழை. இங்கேயும் இணையாக, அடித்தாளோடு கூடியிருப்பதையே தொகுப்பாளர் ஏற்பர். முன்புறத்தில் வெட்டு இல்லையெனத் தோன்றும்போது, சாய்ந்த ஒளியில் மெல்லிய வெட்டுக்கோடு தெரிகின்றதா எனப் பார்ப்பதும் குருட்டுத் துளையைத் தேடுவதுபோன்ற வேலையே. இவ்வலைகளின் முகடுகளையும் விலைப்பட்டியல்கள் இரண்டு சென்ரிமீற்றருக்கு இத்தனை என்றே குறிக்கின்றன.